நான்கு கோடி இலக்க எண்ணைப் பார்க்காமலே அறிவது எப்படி?

2024 அக்டோபர் 21 அன்று ஓர் எண் செய்தியானது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண் அது. கணிதக் குறியீட்டில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. முழுதாக எழுதினால் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாக, சாப்பாடு தூக்கம் இல்லாமல் வாசித்தால் முடிக்க 474 நாட்களுக்கு மேல் ஆகும்.

"உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு" என்ற மாதிரித் தலைப்புகளில் செய்தி பரவியது. படித்த பலருக்கும் எழும் கேள்விகள் மூன்று. மிகப் பெரிய பகா எண் என்று ஒன்று இருக்க முடியுமா? இத்தனை பெரிய எண் வேறு எதனாலும் வகுபடாது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? இதனால் என்ன பயன்? இவற்றில் இரண்டாவதுதான் உண்மையில் சுவையானது. அதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## தலைப்பில் விடுபட்ட சொற்கள்

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய முழு எண் பகா எண். இலங்கைப் பாடநூல்கள் இதை முதன்மை எண் என்கின்றன. 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் பகா எண்கள். 15 அப்படியல்ல, அது 3 × 5. இப்படிப் பிரிக்க முடிந்தவை பகு எண்கள்.

பகா எண்களுக்கு முடிவு கிடையாது. பண்டைய கிரேக்கக் கணிதவியலர் யூக்ளிட் இதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். உங்களிடம் இருக்கிற பகா எண்களையெல்லாம் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணைப் பட்டியலில் உள்ள எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அந்தப் புதிய எண்ணின் பகாக் காரணி பட்டியலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். எவ்வளவு நீளமான பட்டியல் போட்டாலும் இதே கதைதான்.

அதனால் செய்தியைச் சரியாகச் சொன்னால், "இதுவரை அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியது" கண்டுபிடிக்கப்பட்டது. அதைவிடச் சிறிய பகா எண்களின் எண்ணிக்கையை எழுதவே நான்கு கோடிக்கு மேல் இலக்கங்கள் வேண்டும். அந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நாம் பெயர் சொல்லி அறிந்தவை ஒரு கைப்பிடிகூட இல்லை. இந்த எண் இருக்கும் உயரத்தில் சராசரியாக ஒன்பதரைக் கோடி எண்களுக்கு ஒரு பகா எண் வரும். அதன் பக்கத்து வீட்டுப் பகா எண் எது என்று யாருக்கும் தெரியாது.

அப்படியானால் இந்த ஒன்று மட்டும் எப்படிக் கையில் சிக்கியது? அதன் உருவத்தால்தான்.

## ஒன்றுகள் மட்டுமே கொண்ட எண்

கணினிகள் எண்களை 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதும். அந்த இரும முறையில் 7 என்பது 111. 31 என்பது 11111. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண் எதுவாயினும் அது ஒன்றுகளின் வரிசைதான். நம் எண்ணும் அப்படியே: 13,62,79,841 ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியம்கூடக் கிடையாது. சாதாரணப் பத்தடிமான முறையில் ஒழுங்கே இல்லாமல் தெரியும் நான்கு கோடி இலக்கங்களுக்குப் பின்னால் இப்படியொரு தெளிவு ஒளிந்திருக்கிறது.

இந்த வடிவில் அமைந்த பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் இவற்றுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். புதிய எண், அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் 52ஆவது.

## பார்க்காமலே சொல்லக்கூடியவை

இலக்கம் இலக்கமாக எழுதிப் பார்க்காமல், அடுக்கை, அதாவது 13,62,79,841-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பற்றி நிறையச் சொல்லலாம். கீழே உள்ளவற்றைத் தாளும் பேனாவும் வைத்து நீங்களே சரிபார்க்கலாம். முதலாவதற்கு மட்டும் ஒரு கால்குலேட்டர் வேண்டும்.

1. எத்தனை இலக்கங்கள், எந்த இலக்கத்தில் தொடங்கும்? 2-இன் பத்தடிமான மடக்கை 0.30102999566. அதாவது 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும். அதை 13,62,79,841-ஆல் பெருக்கினால் கிடைப்பது சுமார் 4,10,24,319.945. முழு எண் பகுதியோடு 1-ஐக் கூட்டினால் இலக்கங்களின் எண்ணிக்கை: 4,10,24,320. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 0.945 எண்ணின் தொடக்கத்தைச் சொல்கிறது. 10-ஐ 0.945 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 8.81. எண் உண்மையிலேயே 8816943275 என்றுதான் தொடங்குகிறது.

2. கடைசி இலக்கம் எது? இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று மாறி மாறி முடியும். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் 1. கடைசி இரண்டு இலக்கங்களும் வேண்டுமா? அவை 20 படிக்கு ஒருமுறை திரும்ப வரும். அடுக்கை 20-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான். 2²¹ என்பது 20,97,152. அது 52-இல் முடிகிறது. ஆகவே நம் எண்ணின் முடிவு 51.

3. 7-ஆல் வகுத்தால்? இரண்டின் அடுக்குகளை 7-ஆல் வகுக்கும்போது மீதி 2, 4, 1 என்று சுழலும். அடுக்கின் இலக்கங்களைக் கூட்டினால் 41. அதை 3-ஆல் வகுக்க மீதி 2. சுழற்சியில் இரண்டாவது இடம் 4. ஒன்றைக் கழிக்க, மீதி 3.

4. கூட்டெண் என்ன? நான்கு கோடி இலக்கங்களையும் கூட்டி, வரும் விடையின் இலக்கங்களை மறுபடி கூட்டி, ஒரே இலக்கம் வரும் வரை போனால் என்ன வரும்? 9-ஆல் வகுக்கும்போது வரும் மீதிதான் அது. இரண்டின் அடுக்குகள் அங்கே 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு படியில் சுழல்கின்றன. அடுக்கை 6-ஆல் வகுத்தால் மீதி 5. ஐந்தாவது இடத்தில் இருப்பது 5. ஒன்று கழிக்க 4. ஆண்டுக்கணக்கில் கூட்டிக்கொண்டிருந்தாலும் விடை 4-தான்.

பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் என்று படிப்பது இதைத்தான். எண் எவ்வளவு பெரிதானாலும் மீதிகளின் உலகம் சிறியது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும். கடிகாரத்தில் 1,000 மணி நேரம் கழித்து முள் எங்கே நிற்கும் என்று சொல்ல ஆயிரம் மணி நேரம் காத்திருக்க வேண்டாம் அல்லவா, அதே கணக்கு. இனி வரப்போகும் பெரிய நிரூபணமும் இந்தச் சுழற்சியைத்தான் நம்பி நிற்கிறது.

## அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும்

13,62,79,841 என்ற அடுக்கும் பகா எண்தான். அது தற்செயல் அல்ல. 111111 என்ற எண்ணைப் பாருங்கள். ஆறு ஒன்றுகள். அதை 111, 111 என்று இரண்டு கட்டுகளாகப் பிரிக்கலாம். எனவே அது 111 × 1001. இரும முறையிலும் இதே வேலை நடக்கும்: 63 என்பது 111111; அது 7 × 9. ஒன்றுகளைச் சமக் கட்டுகளாகப் பிரிக்க முடிந்தால் எண்ணும் பிரிந்துவிடும். பிரிக்க முடியாமல் இருக்க வேண்டுமானால் ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் இது போதாது. 11 ஒரு பகா எண்; இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. மெர்சென் பட்டியலே இங்கேதான் சறுக்கியது. 257 வரையுள்ள அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று அவர் எழுதியதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. எல்லாவற்றையும் கணக்கிட்டு முடிக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அந்த 67-இன் கதை அழகானது. பிரெஞ்சுக் கணிதவியலர் எதுவார் லூக்கா 1876இல் 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று நிரூபித்தார். அதன் காரணிகள் எவை என்று மட்டும் சொல்லவில்லை. அவருடைய முறை, எண்ணை உடைக்காமலே அது உடையும் என்று காட்டிவிடும். காரணிகள் 1903இல்தான் வெளிவந்தன. அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 2-இன் 67ஆவது அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். இன்னொரு பக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். இரண்டு இடத்திலும் 147573952589676412927 வந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று சொல்வார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டபோது மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

எண்ணை உடைப்பது வேறு, உடையுமா என்று அறிவது வேறு. முதலாவது பல மடங்கு கடினம். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது.

## காரணிகளுக்கும் ஓர் அச்சு

கோல் எல்லா எண்களையும் முயன்று பார்க்கவில்லை. மெர்சென் வடிவ எண்ணின் காரணி எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட முடியாது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு.

1. அடுக்கின் இருமடங்கால் அந்தப் பகாக் காரணியை வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 2047-க்கு அடுக்கு 11, இருமடங்கு 22. காரணிகள் 23-உம் 89-உம் அதே அச்சில் வார்த்தவை: 22 × 1 + 1, 22 × 4 + 1. கோல் கண்ட 193707721 என்பது 134 × 1445580 + 1.

2. அந்தக் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும்.

இதை நம் எண்ணுக்குப் பொருத்துவோம். அடுக்கின் இருமடங்கு 27,25,59,682. ஆகவே அதன் காரணியாக இருக்கத் தகுதியுள்ள முதல் எண்ணே 27,25,59,683. அதற்குக் கீழே எதையும் தொட வேண்டியதில்லை. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 3, தள்ளுபடி. அடுத்தது 54,51,19,365, மீதி 5, அதுவும் தள்ளுபடி. மூன்றாவதான 81,76,79,047-க்கு மீதி 7. அது நிற்கிறது, அதை முயன்று பார்க்கலாம். இப்படி வடிகட்டிக்கொண்டே போய், காரணி சிக்கும் அடுக்குகளை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். பெரிய சோதனைக்குப் போகும் முன் ஏராளமான அடுக்குகள் இந்தச் சல்லடையிலேயே விழுந்துவிடும்.

விழாமல் நிற்பவற்றை இந்த வழியில் கடைசிவரை சோதிக்க முடியாது. ஓர் எண் பகா எண்ணா என்று வகுத்துப் பார்த்தே முடிவு செய்ய, அதன் வர்க்கமூலம் வரை போக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலமே இரண்டு கோடி இலக்கங்களுக்கு மேல். கண்ணுக்கெட்டும் பிரபஞ்சத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று மதிப்பிடுவது வெறும் 80 இலக்கங்களை ஒட்டியது. வகுத்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

## வகுக்காமல் நிரூபிப்பது

லூக்கா கண்டதை 1930களில் அமெரிக்கர் டெரிக் ஹென்றி லெமர் செம்மைப்படுத்தினார். லூக்கா–லெமர் சோதனை என்று அதற்குப் பெயர். செய்முறை ஒரு பத்தியில் அடங்கும்.

4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். வருவதைச் சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இதைச் செய்ததும் மீதி 0 வந்தால் அது பகா எண். வராவிட்டால் இல்லை. இடைப்பட்ட பதில் கிடையாது. (2-ஐத் தவிர்த்த பகா அடுக்குகளுக்கு இது பொருந்தும்.)

31-க்குச் செய்து பார்ப்போம். அடுக்கு 5, மூன்று படிகள்.

1. 4² − 2 = 14.
2. 14² − 2 = 194. 31-ஆல் வகுக்க மீதி 8.
3. 8² − 2 = 62. 31-ஆல் வகுக்க மீதி 0.

31 பகா எண். 127-க்கு ஐந்து படிகள்: 14, 67, 42, 111, 0. அதுவும் பகா எண். இப்போது 2047-ஐ எடுத்துக்கொண்டால் ஒன்பது படிகள்: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. முடிவில் பூச்சியம் வரவில்லை. 23-ஐயோ 89-ஐயோ கண்ணால் பார்க்காமலே 2047 உடையும் என்று தெரிந்துவிட்டது.

நம் எண்ணுக்கு இதே படிகள்தான், 13,62,79,839 தடவை. ஒவ்வொரு தடவையும் நான்கு கோடி இலக்க எண் ஒன்றை வர்க்கப்படுத்தி, நான்கு கோடி இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். இதைச் சாத்தியமாக்குபவை இரண்டு.

முதலாவது, வகுத்தல் ஏறக்குறைய இலவசம். 1234-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி என்ன? 12-ஐயும் 34-ஐயும் கூட்டுங்கள்: 46. அவ்வளவுதான். 99 என்பது 100-க்கு ஒன்று குறைவு என்பதால் இது நடக்கிறது. மெர்சென் எண்ணும் இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவு. ஆகவே கணினி இரும எண்ணை நடுவில் வெட்டி இரண்டு துண்டுகளையும் கூட்டினால் போதும். மேலே 194-இன் மீதி 8 என்று வந்ததைப் பாருங்கள்: 194-இல் ஆறு 32-உம் ஒரு 2-உம் இருக்கின்றன; 6 + 2 = 8. எண்ணின் உருவம் தரும் நேரடிப் பரிசு இது.

இரண்டாவது, பெருக்கலுக்கு நாம் பள்ளியில் கற்ற முறையைவிட வேகமான வழி உண்டு. பள்ளி முறையில் நான்கு கோடி இலக்க எண்ணை ஒரு தடவை வர்க்கப்படுத்தவே சுமார் 17 கோடி கோடி சிறு பெருக்கல்கள் வேண்டும். வேக ஃபூரியே மாற்றம் என்ற முறையில் எண்ணின் இலக்கங்களை ஓர் அலை போல எண்ணிக்கொண்டு, அதை அலைவரிசைகளாகப் பிரித்துப் பெருக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பார்கள். இலக்கங்கள் இரட்டிப்பானால் பள்ளி முறையில் வேலை நான்கு மடங்காகும். இதில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஒலி, படம் ஆகியவற்றைக் கையாளும் கருவிகளில் எங்கும் இருக்கும் அதே கணிதம்தான் இது.

இன்னொரு கவலையும் உண்டு. பதின்மூன்று கோடிப் படிகளில் ஏதோ ஓர் இடத்தில் ஒரே ஓர் இலக்கம் பிசகினாலும் முடிவு குப்பை. அதனால் இப்போதைய தேடலில் முதலில் ஃபெர்மாவின் தேற்றத்தை ஒட்டிய ஒரு சோதனையை ஓட்டுகிறார்கள். அதோடு ராபர்ட் கெர்பிச் கண்டுபிடித்த பிழைபிடிப்பு முறையும் கூடவே ஓடும். அதில் தேறிய எண்ணை "அநேகமாகப் பகா எண்" என்று மட்டுமே சொல்லலாம். அதன் பிறகுதான் லூக்கா–லெமர்.

இந்த முறை நடந்ததும் அப்படித்தான். அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் ஒரு தரவு மையத்தில் இருந்த, சிப் நிறுவனமான என்விடியாவின் ஏ100 வகை ஜிபியூ (ஒரே நேரத்தில் பல கணக்குகளைச் செய்யும் செயலி), இது அநேகமாகப் பகா எண் என்றது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ஒரு எச்100 ஜிபியூ லூக்கா–லெமர் சோதனையை முடித்து உறுதி செய்தது. அப்புறம் வேறு வேறு மென்பொருள்களை வேறு வேறு வன்பொருள்களில் ஓட்டிச் சரிபார்த்துவிட்டே உலகத்துக்கு அறிவித்தார்கள். கண்டுபிடித்தவர் லூக் டுராண்ட், முன்பு என்விடியாவில் பணியாற்றியவர். 17 நாடுகளில் பரவிய மேகக் கணினிகளை இதற்காக அவர் ஒருங்கிணைத்திருந்தார். தேடலை நடத்தும் அமைப்பு கிம்ப்ஸ். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய தன்னார்வத் திட்டம். யார் வேண்டுமானாலும் அதன் இலவச மென்பொருளை இறக்கித் தன் கணினியில் ஓட்டலாம். பரிசு 3,000 டாலர். அதைத் தான் படித்த அலபாமா பள்ளியின் கணிதத் துறைக்குத் தரப்போவதாக டுராண்ட் அறிவித்தார்.

முந்தைய சாதனை எண் 2⁸²⁵⁸⁹⁹³³ − 1. அது 2018 டிசம்பரில் கிடைத்தது, 2,48,62,048 இலக்கங்கள். இடையில் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள்.

உருவம் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது. எந்தச் சிறப்பு வடிவமும் இல்லாத எண்ணுக்கும் பொருந்தும் பொது முறைகளால் பகா எண் என்று நிரூபித்தவை, ஒரு லட்சம் இலக்கங்களின் சுற்றுவட்டாரத்திலேயே நிற்கின்றன. நான்கு கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே! அளவைப் பார்த்து வியக்கும் செய்திகள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

## கூடவே வரும் நிறைவெண்

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருக்கும் எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. அடுத்தவை 496, 8128.

28-ஐ 4 × 7 என்று எழுதிப் பார்த்தால் ரகசியம் தெரியும். 1 + 2 + 4 என்பது 7. மீதமுள்ள வகுத்திகள் 7-உம் 14-உம், மூன்று 7. ஆக நான்கு 7 சேர்ந்து 28. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும், இரண்டின் பொருத்தமான அடுக்கோடு பெருக்கப்படும்போது இதே போல் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படி வந்தவைதான் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, 18ஆம் நூற்றாண்டுக் கணிதவியலர் ஆய்லர் நிரூபித்தார். ஆகவே 2024இல் இரண்டு எண்கள் பிறந்தன. கூடவே வந்த நிறைவெண்ணுக்கு 8,20,48,640 இலக்கங்கள். ஒற்றைப்படையில் நிறைவெண் உண்டா என்பது இன்றும் தீராத கேள்வி.

## பயன் என்ன?

வங்கிப் பரிவர்த்தனைகளைக் காக்க இது உதவும் என்று எழுதுவது தவறு. ஆர்எஸ்ஏ போன்ற மறைகுறியாக்க முறைகளுக்குப் பகா எண்கள் தேவைதான். ஆனால் அங்கே பயன்படுபவை பெரும்பாலும் 300-க்குச் சற்று மேற்பட்ட இலக்கங்கள் கொண்டவை. அந்த அளவில் சராசரியாக 700 எண்களுக்கு ஒன்று பகா எண். வேண்டும்போது கணினி ஒரு நொடிக்குள் தேடிக்கொள்ளும். அதோடு, அந்த எண்ணின் பலமே அது யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான். உலகமே அறிந்த எண்ணை வைத்துப் பூட்டுப் போட முடியாது.

இந்தப் புதிய எண்ணுக்கு இன்று நேரடிப் பயன் இல்லை. அதன் குடும்பத்துக்கும் தேடலுக்கும் உண்டு.

1. கணினியில் தற்போக்கு (ரேண்டம்) எண்களை உருவாக்கும் மெர்சென் ட்விஸ்டர் என்ற நிரலை 1997இல் ஜப்பானியர்கள் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கினார்கள். அது தரும் எண்வரிசை 2¹⁹⁹³⁷ − 1 எண்களுக்கு ஒருமுறைதான் திரும்பும். பைத்தான் என்ற கணினி மொழியின் தற்போக்கு எண் வசதிக்கு அடிப்படை இதுதான். 1971இல் அந்தப் பகா எண்ணைக் கண்டபோது இப்படி ஒரு வேலை அதற்கு வாய்க்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2. கிம்ப்ஸின் பிரைம்95 மென்பொருள் செயலியை முழு மூச்சில் ஓட்டும். ஒரு பிசகும் தப்பாது. இன்டெல்லின் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த ஒரு கோளாறு இதை ஓட்டியபோதுதான் பிடிபட்டது. 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. 1994இல் பென்டியம் செயலியின் புகழ்பெற்ற வகுத்தல் பிழையைக் கண்டவரும் பகா எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர்தான்.

3. இந்தத் தேடலுக்காகத் தீட்டப்பட்ட வேகப் பெருக்கல் நுட்பங்கள். மிகப் பெரிய எண்களைக் கையாள வேண்டிய மற்ற கணக்குகளுக்கும் அவை உதவுகின்றன.

## 52ஆவது என்ற எண்ணிலும் ஒரு கவனம் வேண்டும்

மெர்சென் பகா எண்களுக்கும் முடிவே இல்லையா என்பது தெரியாது. முடிவில்லை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள், நிரூபணம் இல்லை. யூக்ளிட்டின் ஒரு பத்தி வாதம் எல்லாப் பகா எண்களுக்கும் பொருந்தியது போல இங்கே பொருந்தாது.

அதைவிடக் கைக்கெட்டும் ஒரு கேள்வி: இந்த எண் வரிசையில் உண்மையிலேயே 52ஆவதா? "அறியப்பட்டவற்றில் 52ஆவது" என்று மட்டுமே சொல்லலாம். அடுக்குகளை வரிசையாக ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு தேடல் நகர்வதில்லை. ஆயிரக்கணக்கான கணினிகள் வெவ்வேறு அடுக்குகளை எடுத்துக்கொள்கின்றன. ஓர் அடுக்கை ஒதுக்க ஒரு சோதனை போதும் என்றும் விட்டுவிடுவதில்லை. மறு சோதனையும் நடக்கும். அது பல ஆண்டுகள் பின்தங்கியே வரும்.

ஆகவே சிறிய அடுக்கு ஒன்று பிறகு வந்து வரிசையை மாற்றிவிடலாம். முன்பு அப்படி நடந்தும் இருக்கிறது. 2008 ஆகஸ்டில் 4,31,12,609 என்ற அடுக்கு பகா எண் தந்தது. இரண்டு வாரம் கழித்து அதைவிடச் சிறிய 3,71,56,667 தந்தது. அடுத்த ஆண்டு இரண்டுக்கும் நடுவில் 4,26,43,801 முளைத்தது. முதலில் கண்டது 45ஆவது என்று எண்ணப்பட்டு, பிறகு வரிசையில் இரண்டு இடம் தள்ளி 47ஆவதாக உட்கார்ந்தது. இப்போது 8,25,89,933-க்கும் 13,62,79,841-க்கும் இடையே ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. அதற்குள்ளே இருக்கும் பகா அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு வந்துகொண்டிருக்கின்றன.